வட்டு வரிசையின் வரலாறு

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூரை அடுத்து, பெரியதோர் ஏரியின் கரையில் அமைந்த ஊர் அயனம்பாக்கம். இவ்வட்டாரத்தில் 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிற்று. கடைசல் பொறிகளின் ஓசை எழுந்தது. இன்றோ அப்பொறிகளுக்கு அருகே வேறொரு வகைக் கட்டடங்களும் எழுந்துள்ளன. ஜப்பானிய நிறுவனமாகிய என்.டி.டி. 2023-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் திறந்த தரவு மையம் அவற்றுள் ஒன்று. அங்கே வடித்து வார்க்கும் பண்டம் எதுவும் இல்லை. பிறர் ஒப்படைத்த செய்திகளைக் கெடாமல் வைத்துக் காப்பதும், கேட்டபோது கொடுப்பதுமே அங்கு நடைபெறும் தொழில். அப்பணியைச் செய்யும் கணிப்பொறியைச் 'சர்வர்' என்று வழங்குகிறோம்.

செய்தி தங்குவதற்கு நெடுங்காலமாக இடமாய் இருந்து வருவது வட்டு. வட்டோ சுழலும் பொருள், சுழல்வது தேயும், தேய்வது ஒருநாள் நிற்கும். வட்டு நின்றாலும் வேலை நில்லாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்ட கதையையே, மாணவ நேயர்களே, இன்று காணப் புகுகின்றோம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புப் பொறியில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியவையோ 50 இலட்சம் எழுத்துகளே! அதன் பின்னர் முப்பதாண்டுக் காலம் பெரிய கணிப்பொறிக்குப் பெரிய வட்டு என்பதே வழக்காயிற்று. விலையும் அதற்கேற்ப உயர்ந்தே நின்றது.

இவ்வழக்கத்தை மறுத்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். 1988-ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் கட்டுரை சிறு வட்டுகளுக்காக வாதாடிற்று. ஐ.பி.எம். பெருவட்டு ஒன்றில் 7,500 மெகாபைட் அடங்கும். மேசைக் கணிப்பொறிக்கென வந்த சிறு வட்டில் 100 மெகாபைட் அடங்கும். ஆகவே 75 சிறு வட்டுகளைச் சேர்த்தால் பெருவட்டின் கொள்ளளவு வந்துவிடும். அத்தனை வட்டுகளும் ஒருங்கே உழைப்பதால் வேகமும் மிகும்.

ஆனால் ஓர் இடர் குறுக்கிட்டது. அதனை மறையாமல் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு சிறு வட்டு சராசரி 30,000 மணி நேரம் உழைக்கும், அதாவது மூன்றாண்டுக்கு மேல். நூறு வட்டுகளை இணைத்தாலோ, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுறும் காலம் 300 மணி. இரண்டு வாரம்கூட இல்லை! கூட்டம் பெருகப் பெருகப் பழுதும் விரைந்து வரும். இதற்கு மாற்றாக அவர்கள் வகுத்த ஐந்து முறைகளுக்கே 'ரெய்டு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இக்கருத்தின் வித்து முன்னரே இருந்தது. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய ஔச்சி என்பார் 1978-லேயே இதற்கு நெருங்கிய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

இம்முறைகளுள் எளியது, ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதுவது. நுட்பமானது வேறு. மூன்று வட்டுகளில் 7, 5, 9 என்னும் எண்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றின் கூட்டுத்தொகை 21. அதனை நான்காம் வட்டில் எழுதி வைப்போம். இரண்டாம் வட்டு அழிந்தது. 21-இல் 7-ஐயும் 9-ஐயும் கழித்தால், இழந்த 5 மீண்டு வருகின்றது! கணிப்பொறி இதனைப் பூச்சியமும் ஒன்றுமாகிய இரண்டே குறிகளைக் கொண்டு செய்கின்றது. ரெய்டு ஐந்தாம் முறையில் இக்காப்பு எண் ஒரே வட்டில் தங்காமல் எல்லா வட்டுகளிலும் முறைவைத்துப் பரவியிருக்கும். பின்னர் எழுந்த ஆறாம் முறையோ இரண்டு வட்டுகள் ஒருங்கே போயினும் தாங்கும். இன்றைய பெருவட்டு ஒன்றை மீட்டெழுத ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இன்னொரு வட்டு விழுந்துவிடுதல் கூடும் என்னும் அச்சமே ஆறாம் முறையின் தேவையைப் பெருக்கிற்று.

தொடக்கத்தில் இக்கணக்கைச் செய்யத் தனிக் கருவி வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியிலோ மென்பொருளே அதனைச் செய்யும். 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் 'எம்.டி.ஆடம்' என்னும் கட்டளையை ஆக்கி அளித்தார். எந்த முறை, எத்தனை வட்டு, எவ்வெவ் வட்டு என்று ஒரே வரியில் தட்டெழுதினால் வரிசை அமைந்துவிடும். அதன் நலத்தைக் காட்டும் கோப்பும் ஒன்றுண்டு. நலமாயுள்ள வட்டு ஒவ்வொன்றுக்கும் 'யு' என்னும் ஆங்கில எழுத்து. விழுந்த வட்டுக்கு வெறும் அடிக்கோடு. பல்வரிசையில் ஓட்டை விழுந்தாற்போல் அது கண்ணுக்குத் தெரியும்! இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று வட்டுகளுக்கு வழங்கும் பெயர்கள், கணிப்பொறியை மீண்டும் இயக்குங்கால் இடம் மாறுதல் கூடும். வட்டின் மேல் பொறித்த வரிசை எண்ணை ஒப்பிடாமல் கழற்றுவோர், பழுதுற்றதை விட்டு நல்லதைக் கழற்றிவிடுவர்.

ஒரே பெட்டிக்குள் உள்ள துணைகள் ஒரே தீயில் அழியும். தமிழர் இதனை அறியாதவரல்லர். உ. வே. சாமிநாத ஐயர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஓர் ஊர்ச் சுவடியில் சிதைந்ததை வேற்றூர்ச் சுவடி நிரப்பிற்று. 267, 268 ஆகிய இரண்டு பாடல்களை மட்டும் எந்தச் சுவடியும் தரவில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏடுகளும் உடன் எரிந்தன. பிறிதோரிடத்தில் படி இல்லாத ஏட்டை எக்கணக்கும் மீட்டுத் தாராது.

தீயே வேண்டுவதில்லை, தவறான கட்டளை ஒன்றே போதும். வட்டு வரிசை அழிவையும் ஆணையென்றே கொண்டு எல்லா வட்டுகளிலும் நிறைவேற்றிவிடும். 2017-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், வேறொரு கணிப்பொறியில் இட வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைக் கணிப்பொறியில் இட்டார். காப்புப் படிகளைத் தேடியபோது, ஏற்பாடு செய்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காகச் செயற்படவில்லை எனத் தெரிந்தது. ஆறு மணி நேரத்திற்கு முன்பு வேறொரு சோதனைக்கென எடுத்த படி ஒன்று கிடந்தது. அதிலிருந்தே செய்திகளை மீட்டனர். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பயனர்கள் எழுதியவை திரும்பவில்லை.