கட்டுரை எழுதினால் மாதம் ரூ.30 ஆயிரமா? வருவாயைப் பங்கு தரும் இணையதளங்கள் எப்படி இயங்குகின்றன?

"வீட்டில் இருந்தபடியே எழுதுங்க. தினம் மூணு கட்டுரை, மாசம் 30 ஆயிரம்". இப்படி ஒரு ஃபார்வர்டு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கலாம். கல்லூரி மாணவர்கள், வேலையை விட்டுவிட்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் இதைப் பார்த்து, 'நமக்குத்தான் எழுத வருமே' என்று யோசிக்கிறார்கள்.

எழுதிச் சம்பாதிக்க முடியுமா? முடியும். ஆனால் எப்படிப்பட்ட தளத்துக்கு எழுதுகிறோம், அந்தத் தளம் எப்போது, எதற்காகப் பணம் தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால், நூறு மணி நேரம் உழைத்தும் கையில் பத்து பைசா வராமல் போகலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பத்திரிகைக்கு எழுதினால், கட்டுரை வெளியானதும் இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். அதை எத்தனை பேர் படித்தார்கள் என்பது எழுதியவரின் கவலை இல்லை. வருவாய்ப் பங்கு தளங்களில் கதை வேறு. எழுதிக் கொடுத்ததற்குப் பணம் கிடையாது. உங்கள் கட்டுரைப் பக்கத்தில் வரும் விளம்பரத்தால் தளத்துக்கு வருமானம் வந்தால் மட்டும், அதில் ஒரு பங்கு உங்களுக்கு. யாரும் படிக்கவில்லை என்றால் பூஜ்ஜியம்தான்.

2003ல் கூகுள் தொடங்கிய ஆட்சென்ஸ் சேவைதான் இந்த முறைக்கு அடித்தளம். விளம்பரதாரரிடம் கூகுள் பணம் வாங்குகிறது. அதில் தோராயமாக 68 சதவீதத்தை விளம்பரம் காட்டிய தளத்துக்குத் தருகிறது. அந்தத் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை எழுதியவருக்குத் தருகிறது. உதாரணமாக, 2006ல் அமெரிக்காவில் தொடங்கிய ஹப்பேஜஸ் தளத்தில் எழுதுபவருக்கு 60, தளத்துக்கு 40 என்பதுதான் கணக்கு. அங்கே ஆரம்பத்தில் அதைச் செய்த விதமும் சுவாரஸ்யமானது. பக்கம் 100 முறை திறக்கப்பட்டால் 60 முறை உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் விளம்பரம் ஓடும், 40 முறை தளத்தின் கணக்கில் ஓடும். யாரும் யாருக்கும் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் விளம்பரதாரர் கொடுத்த 100 ரூபாயில் எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? 68 ரூபாயில் 60 சதவீதம், ஏறக்குறைய 41 ரூபாய். விகிதத்தை மட்டும் பார்த்தால் மோசம் என்று சொல்ல முடியாது. பிரச்சினை எங்கே என்றால், அந்த 100 ரூபாய் சேர்வதற்கு எத்தனை ஆயிரம் பேர் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இங்கே வரும் எண்கள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. தளத்துக்குத் தளம், தலைப்புக்குத் தலைப்பு இது மாறும். ஆயிரம் பார்வைக்குத் தளத்துக்கு 1 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் பங்கு 60 சென்ட். ஒரு கட்டுரையை தினமும் 10 பேர் படிக்கிறார்கள், மாதம் 300 பார்வை. 10 பேர்தானா என்று தோன்றலாம். ஒரு சின்ன தலைப்பில் எழுதிய கட்டுரைக்கு கூகுள் தேடல் வழியாக தினமும் 10 பேர் வருவதே நல்ல விஷயம். இதற்கு உங்கள் கணக்கில் சேர்வது மாதம் 18 சென்ட். டாலர் 85 ரூபாய் என்றால், சுமார் 15 ரூபாய்.

ஆம், ஒரு கட்டுரைக்கு மாதம் 15 ரூபாய்.

இப்படி 50 கட்டுரை இருந்தால் மாதம் 9 டாலர், அதாவது 765 ரூபாய். ஒரு கட்டுரைக்கு 2 மணி நேரம் என்றால் நீங்கள் போட்டது 100 மணி நேரம். பெரும்பாலான தளங்கள் குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் பணத்தை அனுப்பும். அது 50 டாலர் என்றால், முதல் பணம் கைக்கு வர ஆறு மாதம் ஆகும். எழுதிய அன்றே தினம் 10 பேர் வந்துவிட மாட்டார்கள் என்பதால், நிஜத்தில் இன்னும் தாமதமாகும். மாதம் 30 ஆயிரம் வேண்டுமென்றால் இதே கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கட்டுரைகள் வேண்டும். தினம் மூன்று எழுதினாலும் கிட்டத்தட்ட 22 மாதங்கள் ஆகும்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். வார்த்தைக்கு 30 பைசா தரும் எழுத்து வேலை ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 வார்த்தைக்கு 180 ரூபாய், அதோடு கதை முடிந்தது. வருவாய்ப் பங்கு தளத்தில் அதே கட்டுரை மாதம் 15 ரூபாய் என்று 12 மாதம் சம்பாதித்தால் 180 ரூபாய் ஆகிவிடும். 13வது மாதத்திலிருந்து வருவதெல்லாம் லாபம். தூங்கும்போதும் காசு வருகிறது என்று சொல்கிறார்களே, அது இதைத்தான்.

எனவே முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தக் கட்டுரையும் அந்தத் தளமும் 12 மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்குமா?

அந்தத் தளங்களுக்கு என்ன ஆச்சு?

இதற்கு வரலாறு தரும் பதில் அவ்வளவு நன்றாக இல்லை.

2005ல் தொடங்கிய அசோசியேட்டட் கன்டென்ட், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்த முன்னோடிகளில் ஒன்று. 2010ல் இதை யாஹூ விலைக்கு வாங்கியது. சுமார் 10 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. பிறகு யாஹூ வாய்சஸ் என்று பெயர் மாறியது. 2012ல் இந்தத் தளத்திலிருந்து சுமார் நாலரை லட்சம் பேரின் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டு வெளியாயின. 2014ல் யாஹூ கடையை மூடிவிட்டது. லட்சக்கணக்கான கட்டுரைகளும் அதோடு இணையத்திலிருந்து போயின.

சந்தைப்படுத்தல் நூல்களால் புகழ்பெற்ற சேத் கோடின் தொடங்கிய ஸ்க்விடூ 2014ல் ஹப்பேஜஸ் கைக்குப் போனது. ஹீலியம் அதே ஆண்டில் மூடப்பட்டது. கூகுளே 2008ல் நோல் என்ற பெயரில், எழுதுபவர் தன் பக்கத்தில் விளம்பரம் வைத்துக்கொள்ளும் தளத்தைத் தொடங்கி 2012ல் மூடியது. பபிள்யூஸ் என்றொரு தளம் பார்வைக்கு ஒரு சென்ட், லைக்குக்கு ஒரு சென்ட் என்று அறிவித்ததும் கூட்டம் அலைமோதியது. நீ என் பதிவுக்கு லைக் போடு, நான் உன் பதிவுக்குப் போடுகிறேன் என்று ஆனது. விளம்பரதாரருக்கு இதனால் என்ன பயன்? கேட்ட பணம் பலருக்கு வராமலே போய், 2015ல் அந்தத் தளமும் நின்றது.

இவற்றில் பலவற்றை ஒரே சமயத்தில் தாக்கியது ஒரு தேதி: 2011 பிப்ரவரி 24. பாண்டா என்று பின்னர் அழைக்கப்பட்ட மாற்றத்தை கூகுள் தன் தேடலில் அன்றுதான் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களில் இதனால் மாற்றம் தெரியும் என்று கூகுளே சொன்னது. தேடலில் மேலே வருவதற்காகவே மேலோட்டமாக எழுதித் தள்ளிய பக்கங்கள் கீழே இறக்கப்பட்டன. இதில் ஒரு அநியாயமும் நடந்தது. தரத்தைத் தளம் முழுவதுக்குமாகப் பார்த்ததால், நன்றாக எழுதியவர்களின் கட்டுரைகளும் சேர்ந்தே சரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் செய்த தப்புக்கு இவர்களுக்கும் தண்டனை. ஹப்பேஜஸ் பின்னர் ஒவ்வொரு எழுத்தாளரின் கட்டுரைகளையும் தனித்தனி துணை முகவரிக்கு மாற்றியது இதனால்தான்.

இன்றும் அந்த ஆபத்து தீரவில்லை. ஆட்களோ, ஏஐ கருவிகளோ, யார் எழுதினாலும் தேடலை ஏமாற்றுவதற்காக மொத்தமாகத் தயாரிக்கப்படும் பக்கங்கள் மீது நடவடிக்கை என்று 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கேள்விக்கான பதிலை ஏஐ மூலம் தேடல் பக்கத்திலேயே தரும் வசதி இந்தியாவுக்கு வந்தது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், உங்கள் கட்டுரையை யார் திறக்கப் போகிறார்கள்?

தமிழில் எழுதினால் கிடைக்குமா?

2018 பிப்ரவரி வரை ஆட்சென்ஸ் தமிழை அதிகாரப்பூர்வமாக ஆதரிக்கவே இல்லை. அதுவரை தமிழ் வலைப்பூ வைத்திருந்தவர்கள் ஆயிரம் பதிவு எழுதினாலும் விளம்பர அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்போது அந்தத் தடை இல்லை. ஆனால் இந்திய வாசகர்களுக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை, அமெரிக்க வாசகர்களுக்குக் காட்டுவதைவிடக் குறைவு. அதனால் மேலே போட்ட கணக்கில் உள்ள 1 டாலரைக்கூட தமிழ்ப் பக்கங்களுக்கு நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரிலும் ஒரு அலை வந்து போனது. 2017 வாக்கில் யுசி நியூஸ், வெளியிலிருந்து எழுதுபவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தை இந்தியாவில் பெரிதாக விளம்பரப்படுத்தியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீன செயலிகளில் யுசி நியூஸும் ஒன்று. கூகுள் மாறினால் மட்டுமல்ல, டெல்லியில் ஒரு உத்தரவு வந்தாலும் இந்த வருமானம் நின்றுவிடும்.

விளம்பரத்தை நம்பாத தளங்களும் இருக்கின்றன. மீடியம் தளம், சந்தா கட்டிய வாசகர்கள் உங்கள் கட்டுரையில் செலவிடும் நேரத்தைக் கணக்கில் எடுத்துப் பணம் தருகிறது. 2014ல் தொடங்கிய பெங்களூருவின் பிரதிலிபியில் தமிழிலேயே எழுதலாம், வாசகர்களின் சந்தாவில் பங்கு உண்டு. ஆனால் அங்கே ஓடுவது தொடர்கதைகள். தகவல் கட்டுரை எழுதுபவருக்கு அது சரியான இடமில்லை.

எதைப் பற்றி எழுதினால் நிற்கும்?

நேற்றைய செய்தியை எழுதினால் நாளை மறுநாள் அதைத் தேட ஆள் இல்லை. 'உடல் எடையைக் குறைக்க 10 வழிகள்' ஏற்கெனவே ஆயிரம் இருக்கிறது. மிக்ஸி ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால் வாஷரை எப்படி மாற்றுவது என்று, நீங்களே மாற்றும்போது எடுத்த நான்கு படங்களோடு எழுதினால், அதைத் தேடுபவர் அடுத்த வருஷமும் இருப்பார். கையால் செய்து பார்த்த விஷயத்துக்குத்தான் ஆயுள் அதிகம்.

கணக்குத் தொடங்கும் முன் விதிமுறையைப் படியுங்கள்

யாரும் படிப்பதில்லை, தெரியும். ஆனால் மூன்று இடத்தையாவது தேடிப் பாருங்கள். முதலில் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ன்படி, சொந்தமாக எழுதுபவரே படைப்பின் முதல் உரிமையாளர். தளம் கேட்பது பயன்படுத்தும் அனுமதியா அல்லது மொத்த உரிமையுமா என்று பாருங்கள். அனுமதி மட்டும் என்றால், தளம் மூடினாலும் கட்டுரையை வேறு இடத்தில் போடலாம். அடுத்து, நீங்கள் விலகினால் கட்டுரையை நீக்க முடியுமா, நீக்கினால் சேர்ந்த பணம் வருமா என்பது. மூன்றாவது, குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்பது. சொந்த வலைப்பூவில் ஆட்சென்ஸ் வைத்தால் அது 100 டாலர். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க தபாலில் ஒரு பின் எண் வரும்.

சொந்த விளம்பரத்தை நீங்களே க்ளிக் செய்வதோ, தெரிந்தவர்களைச் செய்யச் சொல்வதோ கூடவே கூடாது. கண்டுபிடித்தால் கணக்கே போய்விடும். எழுதியது எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை உங்கள் கணினியிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தளங்கள் பலவும் பேபால் வழியாகப் பணம் அனுப்புகின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனைகளை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும் பெறலாம். பான் எண் வேண்டும், கட்டணமும் பிடிப்பார்கள். தொகை சிறியது என்றாலும் இது வருமானம்தான், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

முன்பணம் கேட்டால்?

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வருவாயைப் பங்கு தரும் தளத்துக்கு வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது, எழுதுபவரிடம் வாங்க அதற்கு அவசியமே இல்லை. சில கும்பல்கள் முதல் இரண்டு கட்டுரைக்கு 200, 300 ரூபாய் உண்மையிலேயே அனுப்பி நம்பிக்கையை ஏற்படுத்திவிட்டு, பிறகுதான் டெலிகிராம் குரூப்புக்கு அழைத்துப் பெரிய தொகை கேட்கும். பணத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால், தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. மெசேஜ்கள், பணம் அனுப்பிய ரசீதின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிட வேண்டாம், புகாருக்கு அவை தேவைப்படும்.