கீரிமலை: நீரும் நிலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே அமைந்த சிற்றூர் கீரிமலை. பெயரில் மலை உண்டெனினும் ஊரில் மலை இல்லை. கடலோரத்திலே சற்று உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மேடு ஒன்றே உண்டு. நெடுந்தூரம் மேடு பள்ளம் காணாத சமவெளியில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு அம்மேடே மலையாகத் தோன்றிற்றுப் போலும்.

ஊர் சிறியதாயினும் அதன் பெயரை அறியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. இறந்தோர்க்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவும், சாம்பலைக் கடலிற் கரைக்கவும் சைவக் குடும்பங்கள் இங்கே வருகின்றன. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பெருந்திரளாகக் கூடித் தீர்த்தமாடுகின்றனர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் பெருவிழாவும் அன்று இக்கடற்கரைத் தீர்த்தத்தோடு நிறைவெய்துகிறது.

இத்தகைய ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலபுராணத்தை எழுதி அமைந்துவிடுகின்றனர். முனிவர் வருகிறார், அரசிளங்குமரி வருகிறாள். அந்த நீரிலே உடல் கழுவிய உழவனும் மீனவனும் கல்லுடைக்கும் தொழிலாளியும் வருவதில்லை. புராணத்தைப் புறக்கணிப்பது நம் நோக்கமன்று. அதிலே இடம் பெறாத மனிதரையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வூர் நமக்கு என்ன சொல்கிறது என்பதே நம் கேள்வி.

முதலில் ஐதிகத்தைப் பார்ப்போம். கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் இந்நீரில் ஆடி அம்முகம் நீங்கப் பெற்றார் என்பர். நகுலம் என்னும் வடசொல் கீரியைக் குறிப்பது. நகுலேஸ்வரம் என்னும் கோயிற் பெயரும் கீரிமலை என்னும் ஊர்ப்பெயரும் ஒரே கதையின் இரு வடிவங்கள். குதிரைமுகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி நலமுற்று, மாவிட்டபுரத்துக் கோயிலை எடுப்பித்தாள் என்பது மற்றொரு கதை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இவ்விளவரசி இடம் பெறுகிறாள். இக்கதைகளைச் சரித்திரச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் அவற்றின் உட்பொருள் ஒன்று கருதத்தக்கது. உருவம் திரிந்து, பிறரால் அருவருக்கப்பட்ட உயிரையும் இந்த நீர் ஏற்றுக்கொண்டது என்பதே அது.

இனி, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? அலை வந்து மோதும் கரையருகே நன்னீர் ஊறுவது அதிசயமாகவே தோன்றும். ஆனால் காரணம் விளக்கமானது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. நன்னீர் உவர்நீரிலும் எடை குறைந்ததாகையால், பாறையினடியே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி வழியாகக் கடலை நாடிச் செல்லும் அந்நீர் கரையிலே வெளிப்படும் இடங்களுள் ஒன்றே கீரிமலை ஊற்று. அதனைச் சுற்றிக் கட்டிய கேணிகளில் ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே நீராடுகின்றனர்.

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று நம் கிராமத்தார் சொல்வர். பழம் வருகிறதோ இல்லையோ, குடாநாட்டு நீர் நிலத்தின்கீழ் ஒன்றோடொன்று தொடர்புடையது என்னும் உணர்வு அக்கதையில் இருக்கிறது. தோட்டக் கிணறுகளுக்கு மேலே வேலி உண்டு. கீழே வேலி இல்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இவ்வுண்மை கசப்பான முறையில் அனைவர்க்கும் உணர்த்தப்பட்டது.

நீர் வேலி அறியாதது. மனிதரோ வேலியின்றி வாழக் கற்றிலர்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின், நாட்டிலிருந்த கோயில்கள் இடிக்கப்பட்டன. ஈழத்துப் பழஞ்சிவாலயங்கள் ஐந்தனுள் ஒன்றாகப் போற்றப்படும் நகுலேஸ்வரமும் அழிந்தது. இரண்டரை நூற்றாண்டு கழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறுமுக நாவலர் அதனை மீண்டும் எழுப்ப முயன்றார். 1879இல் அவர் மறைந்தபின் சைவ அன்பர்கள் அப்பணியை நிறைவேற்றினர். அந்நியன் இடித்ததை நம்மவர் கட்டினர், பெருமைக்குரிய செய்தியே. ஆனால் கட்டிய கோயில்களின் கதவு எல்லார்க்கும் திறந்திருந்ததா? சமய மறுமலர்ச்சி சாதி வேலியைத் தொடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிடின் நம் வரலாறு அரைகுறையாகிவிடும்.

இந்தியாவில் மகாட் நகரத்துப் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருக 1927இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். நம் நாட்டில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. கதவு பூட்டியே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேரறிஞருமான சி. சுந்தரலிங்கம் அவர்களை வழிமறித்து நின்றார். அவர்மேல் தொடரப்பட்ட வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில்வரை சென்றது. அங்கும் அவர் தோற்றார். அழகு பெற்ற இளவரசி நன்றியாகக் கட்டிய கோயில் என்று கதை சொல்லும் வாயிலிலேயே, மனிதர் மனிதரை அருவருத்து மறித்தனர். புராணத்தின் பொருளை அப்புராணத்தைப் பாடியவர்களே உணரவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வூரைச் சூழ்ந்த பாறைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1950இல் காங்கேசன்துறையில் அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலம் அது. அயலிலே சுண்ணாம்புக்கல் அகழப்பட்டது. நாட்டின் கட்டடங்களுக்குச் சீமெந்து சென்றது. பலர்க்கு வேலை கிடைத்தது. நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீரைத் தாங்கி நிற்கும் பாறையும் அகழ்ந்தெடுத்த பாறையும் ஒன்றே. விளைநிலம் இருந்த இடத்தில் இன்று ஆழ்ந்த குழிகள் உள்ளன. அக்குழிகளைப் பற்றித் தலபுராணம் ஒன்றும் பாடவில்லை.

1990ஆம் ஆண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. தொழிற்சாலை நின்றது, புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் எடுத்ததைக் கையில் கொண்டு ஊரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. வாழ்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தீர்த்தத்துக்கு வந்தோர்க்கு வழி அடைபட்டது. மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும் காணி முழுவதும் திரும்பவில்லை. 2013இல் வலிகாமத்தின் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டிற்று. உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். நகுலேஸ்வரத்துக்கு 2012இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 2015இல் மீண்டது. இக்கடற்கரையிலே ஜனாதிபதிக்கு மாளிகையும் எழுந்தது. காணி சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது.

ஈண்டு ஒன்றை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். காணி விடுபட்டதும் உறுதிப்பத்திரம் உள்ளவர் திரும்பினர். உறுதியே இல்லாதவர் எங்கே திரும்புவர்? பிறர் காணியில் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் உழைத்த குடும்பங்களுக்கு இடப்பெயர்வுக்கு முன்னரும் நிலம் இல்லை; பின்னரும் இல்லை. கோயில் வாயிலில் மறிக்கப்பட்டோரின் பிள்ளைகளே முகாம் வரிசையின் கடைசியிலும் நின்றனர். காணியில்லாக் குடும்பங்களுக்கெனக் கீரிமலையை ஒட்டி நல்லிணக்கபுரம் என்னும் குடியிருப்பு 2016இல் அமைக்கப்பட்டது நல்லதொரு தொடக்கம். ஆனால் ஒரு சிறு வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்ததை நல்லிணக்கம் என்னும் பெயர் மறைத்துவிடாது. இராணுவத்திடம் நிலத்தைக் கேட்கும் நாம், அதே நிலத்தில் நம்முள் யாருக்குப் பங்கு மறுத்தோம் என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். முதற்கேள்வி மட்டும் கேட்பவன் உரிமையின் பாதியைத்தான் கேட்கிறான்.

கீரிமலையைக் காண வருவோர் கேணியையும் கோயிலையும் கண்டு மீள்கின்றனர். அவற்றோடு கல் அகழ்ந்த குழிகளையும், இடிந்து கூரையற்று நிற்கும் வீட்டுச் சுவர்களையும், புதுக் குடியிருப்பின் சிறு முற்றங்களையும் காணட்டும். அவையும் இவ்வூரின் வரலாற்றுச் சின்னங்களே. பாறையின் அடியிலே யாவர்க்கும் பொதுவாய் ஓடும் நீர் பல நூற்றாண்டுகளாக ஒரு பாடத்தைச் சொல்லி வருகிறது. அப்பாடத்தை நிலத்தின் மேலும் நிறைவேற்றுவதே நம் தலைமுறையின் கடன். அது நிறைவேறும் நாளிலேதான் கீரிமலை தீர்த்தம் என்னும் பெயருக்கு முழுதும் உரியதாகும்.