ஒரு வேலி நிலமும் கதர்ச் சட்டையும்

எங்க தாத்தா கதரைத் தவிர வேறு துணி உடுத்தி யாரும் பார்த்ததில்லை. போன மாதம் நன்னிலம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டியைக் குடைந்தபோது, 1952-இல் அவர் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. பங்கு வாங்கியவர்களில் ஒருவர் என் அப்பா. அப்போது அவருக்கு வயசு நாலு! வீட்டில் சண்டை எதுவும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பின்னே எதுக்கு அவசரமாகப் பாகம் பிரித்தார்?

விடை அந்த வருஷத்துச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1930-ஐப் பார்த்துவிடலாம். அந்த ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். மிராசுதார்களும் உதவினார்கள். நிஜமான துணிச்சல் அது, நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அதே காலத்தில் அதே ஜில்லாவின் வயல்களில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் நடந்துகொண்டிருந்தன. பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டிப் போராடிய பிறகு, 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அவற்றை நிறுத்துவதாக நிலச்சுவான்தார்கள் ஒப்புக்கொண்டார்கள்.

1952-இல் முதலமைச்சரான அதே ராஜாஜி, தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். கம்யூனிஸ்டுகள் வளர்ந்துவிடுவார்கள் என்ற பயமும் அதில் உண்டு. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை இஷ்டத்துக்கு நீக்க முடியாது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நன்செய் மட்டும் வைத்திருப்பவரை இந்தச் சட்டம் தொடாது. மிராசுதார்கள் ராஜாஜியைத் திட்டினார்கள். சிலர் திட்டுவதோடு நிற்காமல் பத்திர ஆபீசுக்கும் போனார்கள். எங்க தாத்தா போனது அதற்குத்தான். பிரித்த எந்தப் பங்கும் ஒரு வேலியைத் தாண்டவில்லை. பண்ணையாட்கள் பாதுகாப்பு இல்லாத தினக்கூலிகளானார்கள். சுவரில் காந்தி படம் அப்படியே இருந்தது.

அவரை வேஷக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உப்பு விஷயத்தில் எதிராளி வெள்ளைக்காரன். இந்தச் சட்டம் கேட்டதோ அவருடைய சொந்தக் களத்து நெல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு இப்போது மூன்று ஏக்கர் மிச்சம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும் டெல்டாவில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில் ஓடுகிறதே என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். எங்கள் நிலமும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். சாகுபடி பண்ணுகிறவர் பத்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நமக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சொசைட்டில பயிர்க்கடன் கேப்பேன். வெள்ளம் வந்தா நிவாரணமும் எம் பேருக்கே வரும்."

"பாக்கலாம்ண்ணே" என்றேன்.

சம்பா நடவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.