இழையும் பாலும்: மதுரை இனிப்புகளின் வரலாறு

மதுரையின் இரவுக் கடைகளுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. பகலில் கூடும் நாளங்காடியையும் மாலைக்குப் பின் கூடும் அல்லங்காடியையும் அது தனித்தனியே காட்டுகிறது. இரவு முதிர்ந்தபின் தின்பண்டம் விற்கும் கூவியர் தங்கள் சரக்கோடு அப்படியே கண்ணயரும் காட்சியும் அதில் வருகிறது. தேனடையைப் போல வரியோடிய மெல்லடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் அந்தச் சரக்கில் அடங்கும். அரசனின் பெருமையைப் பாட வந்த புலவர், தூங்கும் பண்டக்காரரையும் விட்டுவிடவில்லை. உணவு வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இது பெரிய கொடை.

மாவை இழையாக்கும் கலைக்கான சான்று இன்னொரு பாட்டில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், கூவியர் கரிய அகலில் பாகு சேர்த்துச் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டமான பண்டம் பாலில் கிடப்பது உவமையாக வருகிறது. சங்க இலக்கியக் காலத்திலேயே தமிழகத்தில் இடியாப்பம் இருந்தது என்று உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயா எழுதினார், இந்த வரிகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அந்தப் பாட்டின் களம் காஞ்சி, மதுரை அல்ல என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது சமையல் முறை. இடியாப்பம் தட்டில் பிழிந்து ஆவியில் வேகவைப்பது. பாட்டில் வருவதோ அகலும் பாகும்.

அகலையும் பாகையும் இழையையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு நினைவுக்கு வருவது மதுரை, விருதுநகர், சாத்தூர்ப் பக்கத்துச் சீனிச்சேவும் கருப்பட்டிச்சேவும்தான். அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்து பிசைந்து, துளைக்கரண்டியைக் காயும் எண்ணெய்க்கு மேலே பிடித்து அதில் தேய்த்தால், துளைகளின் வழியே இழை இழையாக மாவு இறங்கும். வெந்ததும் வடித்துப் பாகில் போட்டுப் புரட்டுவார்கள். கருப்பட்டிப் பாகென்றால் சுக்கு சேரும். பாட்டில் சொல்லப்பட்ட பண்டமேதான் இது என்று நிறுவ வழியில்லை. ஆனால் செய்முறையில் இடியாப்பத்தைவிட இதுவே அதற்கு நெருக்கம். பாலில் ஊறும் இழை என்ற பகுதிக்கு மட்டும், தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றிய காலை இடியாப்பம் பொருந்துகிறது.

நகரின் இனிப்புகளைத் தீர்மானித்ததில் சுற்றியுள்ள நிலத்தின் பங்கு பெரிது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தபின் மேலூர் வரை நெல் விரிந்தது. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடு; அங்கே பருத்தி. 1890களின் தொடக்கத்தில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் நகருக்குள் நூல் நூற்கத் தொடங்கியது. பஞ்சு ஆலைக்குப் போக, கொட்டை மாட்டுத் தொட்டிக்கும் அடுக்களைக்கும் வந்தது. இராத்திரி ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டி, மேலும் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்து, துணியில் வடிகட்டிய பாலை அரிசி மாவோடு காய்ச்ச வேண்டும். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால் மெல்லக் கெட்டிப்படும். பிறகு கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ. மாலையில் தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கும் பருத்திப்பால், கரிசலும் நன்செயும் ஒரே தம்ளரில் சேர்ந்த பண்டம்.

மதுரையின் குளிர்பானமான ஜிகர்தண்டாவின் கதை இதைவிடச் சிக்கலானது. முகலாயர் வழியாக வந்தது என்பது பரவலான பேச்சு. மதுரை சுல்தானகம் 14ஆம் நூற்றாண்டில் சுமார் நாற்பதாண்டுகள் நிலைத்தது. 1340களில் இப்னு பதூதா இங்கே வந்தார். ஆகவே வடக்கோடும் பாரசீகத்தோடும் தொடர்பு பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் குளிர்ச்சியை என்ன செய்வது? அக்பரின் அவைக்கு இமயத்திலிருந்து பனிக்கட்டி போனதை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் பதிந்திருக்கிறார். வைகைக் கரைக்கு அப்படி எதுவும் வர வழியில்லை. சென்னைக்கே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில்தான் ஐஸ் வந்தது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று இன்று நாம் குடிக்கும் வடிவம், ஐஸ் மலிவான 20ஆம் நூற்றாண்டில்தான் உருவாகியிருக்க முடியும். விளக்குத்தூண் பக்கத்துப் புகழ்பெற்ற கடையும் 1970களில் தொடங்கியதே.

வடிவத்தில் ஜிகர்தண்டா பலூடாவின் உறவு. பாரசீக மரபில் வந்த பலூடாவில் மாவுச்சேவை சர்பத்திலும் பாலிலும் மிதக்கும். மதுரையில் சேவையின் இடத்தில் கடல்பாசி உட்கார்ந்தது என்பது என் கருத்து. ஏன் கடல்பாசி என்றால், கடல் இராமநாதபுரத்தில் இருந்தாலும் பாசியைக் காய்ச்சி அகர் என்னும் உறைபொருளை எடுக்கும் ஆலைகள் பல மதுரையைச் சுற்றியே அமைந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையின் அகர் பெரும்பாலும் ஜப்பானுடையது. போரில் அது நின்றபோது இந்தியாவும் தன் கரையில் தேடத் தொடங்கியது. 1960களிலிருந்து மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் வணிகச் சரக்காயின. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பவர்கள் பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் அவர்கள் தலைமுறையாகப் போன இடங்களே தடைப்பகுதிகளாயின. பாசி வளம் காக்கப்பட வேண்டும்தான். ஆனால் அந்தப் பெண்களின் பிழைப்பை இரண்டாம் பட்சமாக்கிய காப்பு அது.

இன்று பல கடைகளில் கடல்பாசிக்குப் பதில் பாதாம் பிசின் போடுகிறார்கள். ஊறினால் பல மடங்கு உப்பும், காய்ச்சி உறையவைக்கும் வேலையும் இல்லை. நாக்கில் வேறுபாடு தெரியும்: கடல்பாசி பல்லில் அறுபட்டு நழுவும், பிசின் கொழகொழவென்று கரையும். எந்தக் கடை எப்போது மாறியது, பாசி விலையா வேலைச் சுமையா காரணம் என்பதைக் கடைக்காரர்களிடமும் பாம்பன் வியாபாரிகளிடமும் கேட்டுப் பதிய வேண்டிய நேரம் இது. பழைய முறையில் ஜிகர்தண்டா போட்டவர்கள் இன்னும் மாசி வீதிகளில் இருக்கிறார்கள்.