காயலின் மேல் ஒரு வழி

களமசேரியில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரிந்து, பெரியாற்றின் கிளைகளையும் அவற்றினிடையே மிதப்பனபோல் கிடக்கும் தீவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு அப்பால் வல்லார்பாடத்தில் போய் முடியும் சாலையைக் கொச்சி மக்கள் கண்டெய்னர் ரோடு என்று அழைக்கிறார்கள். சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரும் லாரிகளுக்காகப் போடப்பட்ட அந்தச் சாலையே, சைக்கிளில் தீவுகளைச் சுற்றிவர விரும்புவோருக்கு இன்று தலைவாசலாக அமைந்திருக்கிறது. அந்த வழி எவ்வாறு உண்டாயிற்று என்ற சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு புறப்படுவது, டியூபில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறப்படுவதைப் போலவே அவசியம் என்பது என் எண்ணம்.

இப்பிரதேசத்தில் வழி என்றால் பூர்வகாலத்தில் நீர்வழி ஒன்றுதான். 1341-ஆம் ஆண்டில் பெரியாறு கரைபுரண்டு வந்த பெருவெள்ளத்தில் முசிறியின் முகத்துவாரம் மண்மூடிப் போக, கொச்சியின் முகத்துவாரம் அகன்று திறந்ததென்றும், வைப்பின் தீவு அந்த வெள்ளத்தில் பிறந்ததென்றும் வழிவழியாகச் சொல்லுவர். அந்த ஆண்டை முதலாகக் கொண்டு புதுவைப்பு என்றொரு சகாப்தமே வழங்கி வந்தது. அரிசி வாங்கவும், வைத்தியரைப் பார்க்கவும், பெண் கொடுக்கவும் தீவு மக்கள் வஞ்சி எனப்படும் தோணியையே நம்பியிருந்தார்கள். வஞ்சிப் பிரயாணத்தின் அபாயம் எத்தகையது என்பதை வல்லார்பாடம் மாதா கோயிலின் ஐதிகமே உணர்த்தும். 1752-இல் புயலில் வஞ்சி கவிழ்ந்து குழந்தையோடு காயலில் மூழ்கிய மீனாட்சியம்மாள் என்ற நாயர் குலத்துப் பெண்மணி, மூன்றாம் நாள் வலையில் உயிரோடு அகப்பட்டு, தம் ஆயுள் முழுவதையும் அக்கோயிலின் சேவையிலேயே கழித்தார் என்பது அந்த ஐதிகம். அக்கரைக்குப் போனவர் திரும்பி வருவதே தெய்வத்தின் கருணை என்று எண்ணிய ஜனங்களிடையே அது இன்றும் வாழ்கிறது.

தீவும் சைக்கிளும் என்றவுடன் எனக்கு வேறொரு தீவும் நினைவுக்கு வருகிறது. மத்தியதரைக் கடலில் ஸ்பெயின் தேசத்துக்குரிய மயோர்க்காத் தீவுக்குச் சைக்கிளோட்டிகள் உலகெங்குமிருந்து வந்து குவிகிறார்கள். அங்கே சா கலோப்ரா என்ற கடற்கரைக் கிராமத்துக்கு, ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலிருந்து பாம்புபோல் நெளிந்து இறங்கும் மலைப்பாதையை அந்தோனியோ பாரியெத்தி என்ற எஞ்சினியர் 1932-இல் முடித்தார். சுரங்கம் எதுவும் குடையாமல், கழுத்துப்பட்டியின் முடிச்சைப்போலப் பாதையைத் தன்மேலேயே வளைத்து அவர் இறக்கிய சாமர்த்தியத்தை இன்றும் வியக்கிறார்கள். மலை ஏற வேண்டிய அந்தத் தீவிலே பாரியெத்தி பாறையை வெட்டுவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லாத கொச்சியிலே ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுக எஞ்சினியர் சேற்றை வாரிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அளவற்ற வியப்பு உண்டாகிறது.

1920-இல் கொச்சிக்கு வந்த பிரிஸ்டோவின் முன்னே கிடந்தது முகத்துவாரத்தை அடைத்து நின்ற மணல்திட்டு. அதன் காரணமாகக் கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட, மிளகும் கயிறும் தேயிலையும் தோணிகளில் அலைமேல் தத்தளித்துச் சென்று கப்பலேறின. அத்திட்டை அறுத்துக் கால்வாயாக்கி, 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே வரும்படி செய்த அவர், தோண்டியெடுத்த மண்ணையெல்லாம் வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டுவித்து ஒரு புதிய தீவையே சிருஷ்டித்தார். அதுவே வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் தாங்கிய வில்லிங்டன் தீவு. அத்தீவை மட்டாஞ்சேரிப் பக்கத்தோடு இணைத்த பழைய பாலத்தின் நடுக்கண், படகுகள் வரும்போது மேலே தூக்கப்படும்படி அமைக்கப்பட்டிருந்தது. சாலை நீருக்கு வழிவிட்ட காலம் அது.

வைப்பின் மக்களுக்கோ பாலம் வரப் பல தலைமுறைகள் ஆயின. எதிரே கூப்பிடு தூரத்தில் எர்ணாகுளம் தெரிய, அவர்கள் படகுத்துறையில் காத்துக் காத்து வாழ்ந்தார்கள். போள்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் மூன்றையும் கோத்த கோஸ்ரீ பாலங்கள் 2004-இல்தான் திறக்கப்பட்டன. ஆகவே சைக்கிளில் தீவுகளைச் சுற்றிவரும் பிரயாணம் இங்கே முழுமையாகக் கைகூடியது நம் காலத்திலேதான்.

அப்படிப் பிரயாணம் செய்ய எண்ணுகிறவர் மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் களமசேரியிலிருந்து புறப்படட்டும். வல்லார்பாடத்தைத் தாண்டி வைப்பினை அடைந்தவர், நேரமிருந்தால் வடக்கே திரும்பி, 1917 மே 29-ஆம் தேதி சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் சாதி பாராமல் எல்லோரையும் உடன் அமர்த்தி விருந்துண்ணச் செய்த செறாயியையும், 1503-இல் போர்த்துகீசியர் கட்டிய பள்ளிப்புரம் கோட்டையையும் கண்டு மீளலாம். அந்தச் சமபந்தி நடந்த மண்ணை மிதிப்பதற்காகவே அத்தனை தூரம் போய்வரலாம் என்பேன். பிறகு தென்முனையில் சைக்கிளோடு வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் ஏறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கினால், சீனவலைகளுக்குச் சற்று அப்பால் வெளி என்ற இடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார்களின் சந்ததியார் இன்றும் துணி வெளுக்கும் துறையைக் காணலாம். அங்கே தமிழில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அதன்பின் மட்டாஞ்சேரியின் மிளகு மணக்கும் சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, வில்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளத்தை அடைந்து களமசேரிக்குத் திரும்பலாம். பிற்பகலில் எழும் கடற்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வீசும்.

ஆனால் காலையில் கண்டெய்னர் ரோட்டில் போகும்போதே ஓரிடத்தில் இறங்கி நிற்க வேண்டும் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். அவ்விடம் மூலம்பிள்ளி. வல்லார்பாடம் சரக்குப் பெட்டித் துறைமுகத்துக்கு வழி அமைப்பதற்காக 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி அங்குள்ள குடும்பங்களின் வீடுகளை இடித்து அவர்களை வெளியேற்றினார்கள். அத்திட்டத்துக்காக வீடிழந்தவை மொத்தம் 316 குடும்பங்கள். வஞ்சியை நம்பி வாழ்ந்த தலைமுறைகளுக்குக் கிடைக்காத சாலை வந்தபோது, அதன் அடியிலே இவர்களுடைய அடுப்பங்கரைகள் புதைந்தன. 2011 பிப்ரவரி 11-ஆம் தேதி துறைமுகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். மாற்றாகக் கொடுக்கப்பட்ட நிலங்களிற் பல சதுப்பு நிலங்களாக இருந்தமையால், வெளியேற்றப்பட்டவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளினார்கள்.