மதில் அழிந்த ஊரில் எஞ்சிய நடை: பெங்களூர்க் கரகமும் ஹேட்ரியன் மதிலும்

வட இங்கிலாந்தின் குறுக்கே கடல் முதல் கடல் வரை ஓடும் ஹேட்ரியன் மதில், கி.பி. 122இல் ரோமானியப் பேரரசர் ஒருவரின் ஆணையால் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 117 கிலோமீட்டர். 2003ஆம் ஆண்டு அதனை ஒட்டி 135 கிலோமீட்டர் நீளமுள்ள தேசிய நடைவழி திறக்கப்பட்டது. வழிகாட்டி முன்செல்ல, ஆறேழு நாள் நடந்து, இரவுதோறும் ஒரு சிற்றூரில் தங்கி, மதிலை முழுமையாகக் கடப்பது இன்று பெயர்பெற்ற விடுமுறைப் பயணம். ஆனால் இது சுற்றுலா நிறுவனங்களின் கண்டுபிடிப்பன்று. 1801இல் வில்லியம் ஹட்டன் என்னும் முதியவர் தம் 78ஆம் வயதில் பர்மிங்காமிலிருந்து புறப்பட்டு, மதிலை இருமுறை நடந்து கடந்து ஊர் திரும்பினார். மறு ஆண்டு தம் நூலை வெளியிட்டார். வீடு கட்டுவதற்காக மதிற்கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்த நிலக்கிழார் ஒருவரிடம் அவர் மன்றாடியதால் ஒரு சிறு பகுதி தப்பியது என்பர். 1849இல் ஜான் காலிங்வுட் புரூஸ் ஆர்வலர் குழுவொன்றை மதில்வழியே பல நாள் அழைத்துச் சென்றார். ‘யாத்திரை’ என்றே அதற்குப் பெயர். பின்னாளில் அது பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் மரபாயிற்று.

தொல்சின்னம் ஒன்றின் வரலாற்றில் அதை ஒட்டி நடந்தவர்களின் வரலாறும் அடங்கும் என்பதை இச்செய்திகள் உணர்த்துகின்றன. அங்கே கல் எஞ்சியது. கல்லைப் பின்பற்றி நடை பிறந்தது. இதற்கு நேர்மாறான நிலை நிலவும் ஊர் ஒன்று உண்டா? மதில் மறைந்து, அகழி தூர்ந்து, ஏரி வற்றிய பின்னும் நடை மட்டும் எஞ்சிய ஊர் உண்டா? உண்டு. அது பெங்களூர்.

1537இல் முதலாம் கெம்பே கௌடர் அமைத்த பேட்டை, மண்மதிலும் அகழியும் சூழ்ந்த வணிக ஊர். வடக்கு தெற்காக ஓடிய தொட்டபேட்டையும் கிழக்கு மேற்காக ஓடிய சிக்கபேட்டையும் வெட்டிக்கொள்ளும் சந்தியே அதன் நடுப்புள்ளி. அச்சந்தியிலிருந்து நான்கு திசைக்கும் ஏர் பூட்டி உழுது தெருக்களைக் குறித்தனர் என்பது ஊர்க்கதை. கிழக்கே அலசூர் வாயிலும் வடக்கே எலகங்க வாயிலும் தெற்கே ஆனேக்கல் வாயிலும் இருந்தன. தெற்கிலிருந்த கோட்டையை 1761ஆம் ஆண்டளவில் ஐதர் அலி கல்லால் வலுப்படுத்தினார். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை முதலில் பேட்டையையும் இரு வாரத்திற்குள் கோட்டையையும் கைப்பற்றியது. அம்முற்றுகைக் காலத்துக் குறிப்புகள் பேட்டையைச் சுற்றிலும் அகழியும் அடர்ந்த முள்வேலியும் இருந்ததைப் பதிவு செய்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பேட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி மூடப்பட்டுவிட்டது. கோட்டையில் எஞ்சியது ஒரு வாயிலும் அதனை ஒட்டிய சிறு பகுதியுமே. லால்பாக் பாறை, கெம்பாம்புதி ஏரிக்கரை, அலசூர் ஏரிக்கரை, மேக்ரி சந்திப்பு ஆகிய நான்கு இடங்களில் நிற்கும் கெம்பே கௌடர் கோபுரங்கள் நகர எல்லையின் அடையாளங்களாகக் காட்டப்படுகின்றன. எனினும் அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு புள்ளிகளாகவே இன்று நிற்கின்றன. அவற்றை இணைக்கும் கோடு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

புலப்படாத கோடுகளை ஆண்டுதோறும் காலால் வரையும் நிகழ்வே பெங்களூர்க் கரகம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நிகழும் இவ்விழா கொடியேற்றத்துடன் தொடங்கிப் பல நாள் நீடிக்கிறது. திகளர்பேட்டைத் தருமராயசாமி கோவிலே இதன் மையம். விழாவை நடத்துவோர் வன்னிகுல க்ஷத்திரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் திகளர். தலைமுறைகளாகத் தோட்டப்பயிர் செய்தவர்கள். திரௌபதை ஆதிசக்தியாக வடிவெடுத்துத் திமிராசுரனை அழிக்க வீரகுமாரரைத் தோற்றுவித்தாள். அவர்கள் பிரிய மனமின்றி வேண்டியதால் ஆண்டுதோறும் மண்ணுலகம் வருவதாக வாக்களித்தாள் என்பது தலக்கதை. தேவி வந்து தங்கும் நாள்களே கரக நாள்கள்.

விழாவின் நடை ஒரே இரவில் முடிவதில்லை. பௌர்ணமிக்கு இரு நாள் முன்பு, திரயோதசி இரவில், சம்பங்கி ஏரிப் பக்கமுள்ள நீர்நிலையில் பூசை நிகழ்த்தி ‘ஹசி கரகம்’ எனப்படும் பச்சைக் கரகத்தைக் கோவிலுக்குக் கொணர்கின்றனர். மறுநாள் பொங்கல் வழிபாடு. பௌர்ணமி நள்ளிரவில் ‘ஹூவின கரகம்’ எனப்படும் பூங்கரகம் புறப்படுகிறது. மல்லிகையால் கூம்பாக அலங்கரித்த கரகத்தைப் பெண்கோலம் பூண்ட பூசாரி கையால் தாங்காமல் தலையில் ஏந்தி நடக்க, உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்ந்து செல்கின்றனர். பேட்டைத் தெருக்களின் கோவில்கள் பலவற்றைக் கடந்து, காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று மரியாதை செலுத்தி, விடிந்த பின்னரே ஊர்வலம் கோவிலை அடைகிறது.

இந்நடைவழியை நிலப்படத்தின்மீது வைத்துப் பார்க்கும்போது அதன் வரலாற்றுப் பொருள் துலங்குகிறது. தருமராயசாமி கோவில் பேட்டையின் கிழக்கு விளிம்பில், பழைய அலசூர் வாயிலுக்கு அருகில் உள்ளது. சம்பங்கி ஏரி அவ்வாயிலுக்கு வெளியே, கிழக்கில் இருந்தது. ஆகவே பச்சைக் கரகம் நீரிலிருந்து கோவிலுக்கு வரும்போது, மதிலுக்குப் புறத்தே இருந்த ஏரியிலிருந்து மதிலுக்கு அகத்தே இருந்த ஊருக்குள் தேவி நுழைகிறாள். இடையில் வாயில் இல்லை, மதில் இல்லை, அகழி இல்லை. ஆனால் புறம் என்றும் அகம் என்றும் பிரித்தறியும் உணர்வு அந்நடையில் இருக்கிறது. அடுத்து வரும் பூங்கரக ஊர்வலம் மதிலகத்து ஊரை உள்ளிருந்து அளக்கிறது. பருத்தி, எண்ணெய், அரிசி எனத் தொழில்வாரியாகப் பிரிந்த பேட்டைகளை ஒரே இரவில் ஓர் ஊராகத் தைத்துவிடுகிறது. முதல் நடை எல்லையைக் கடக்கிறது. இரண்டாவது நடை எல்லைக்குட்பட்டதை ஒன்றாக்குகிறது.

சம்பங்கி ஏரியின் முடிவு தனியே நோக்கத்தக்கது. பேட்டைக்கும் கண்டோன்மெண்டுக்கும் இடையே இருந்த அவ்வேரி இரு தரப்புக்கும் பயன்பட்டது. ஏரிப் பாசனத்தில் பூவும் காய்கறியும் விளைவித்தோருள் திகளர் முதன்மையானவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏரியில் நீர் நிற்க வேண்டும் என்று தோட்டக்காரர்களும், நீர் பெருகித் தம் குடியிருப்புகளைப் பாதிக்கக் கூடாது என்று வேறு தரப்பினரும் வாதிட்டனர். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கியதும் நகருக்கு ஏரி தேவையற்றதாயிற்று. தேவையற்ற ஏரி விரைவில் வெற்று நிலமாகக் கருதப்பட்டது. இன்று அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்கிற்காக விடப்பட்ட சிறு குளம் மட்டுமே ஏரியின் எச்சம். மேற்கே தர்மாம்புதி ஏரிக்கும் இதே கதி நேர்ந்தது. அதன் படுகையில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இயங்குகிறது. தண்டவாளங்களுக்கு அப்பாலுள்ள ஒக்கலிபுரம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளிலிருந்து நாள்தோறும் அந்நிலையத்தைக் கடப்போர் பலர். ஏரியின் நடுவே நடக்கிறோம் என்று அறிந்தோர் சிலரே. தர்மாம்புதியில் எச்சமாக ஒரு குளமும் இல்லை. சடங்குநடை உரிமை கொண்டாடிய இடத்தில் ஒரு துளி நீரேனும் தப்பியது. ஹட்டனின் மன்றாட்டால் தப்பிய மதிற்கற்களோடு ஒப்பிடத்தக்கது இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அங்கே தனிமனிதர் ஒருவர் ஒருமுறை மன்றாடினார், இங்கே ஒரு சமூகம் ஆண்டுதோறும் நடந்தே மன்றாடுகிறது.

தமிழாய்வு மாணவர்க்கு இவ்விழா மற்றொரு கதவையும் திறக்கிறது. கரகம், திரௌபதை வழிபாடு, போத்தராஜா, வன்னியர் தொடர்பு ஆகியவை செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்ட வடதமிழகத் திரௌபதையம்மன் மரபை நினைவூட்டுவன. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988 முதல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகள் அம்மரபை விரிவாக ஆராய்ந்தன. ஸ்மிருதி சீனிவாஸ் 2001இல் வெளியிட்ட நூல் பெங்களூர்க் கரகத்தை நகர நினைவின் வடிவமாகக் கண்டது. ‘திகளர்’ என்னும் கன்னடச் சொல்லே தமிழ்த் தொடர்பைச் சுட்டப் பயின்று வந்தது. எனினும் இவ்விழாவைத் ‘தமிழர் விழா’ என்றோ ‘கன்னடர் விழா’ என்றோ ஒரு சொல்லில் அடைத்துவிட முயல்வது தரவுக்கு நீதி செய்யாது. வடதமிழகத்தில் பாரதக் கூத்தோடும் தீமிதியோடும் இயங்கும் வழிபாடு, பெங்களூரில் ஏரியோடும் தோட்டத்தோடும் பேட்டைத் தெருவோடும் பிணைந்து இரவு நடையாக உருக்கொண்டது. இடம்பெயர்ந்த மரபு புதிய நிலத்தில் வேரூன்றியதற்கு அந்நடைவழியே சான்று. தர்காவில் நின்று செல்லும் வழக்கமும் அவ்வேரூன்றலின் ஒரு பகுதியே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சடங்குவழி என்பது மாறாமல் உறைந்த தொல்லெச்சம் அன்று. தெருக்கள் அகலப்படும்போதும் புதிய கோவில்கள் எழும்போதும் வழி மாறும். அழைப்பு விடுக்கும் தெருவுக்கு ஊர்வலம் திரும்பும். இன்றைய வழியை அப்படியே பதினாறாம் நூற்றாண்டின் மீது ஏற்றிச் சொல்வது பிழை. கல்வெட்டு, நிலப்படம், நகராட்சி ஆவணம், வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே நடைவழி சான்றாகும். ஆனால் இவ்வெச்சரிக்கை நடைவழியைப் புறக்கணிப்பதற்குக் காரணம் ஆகாது. ஹேட்ரியன் மதிலும் அப்படியே நின்றுவிடவில்லை. அதன் ஒரு பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் நிலத்தோடு விலைக்கு வாங்கி, சரிந்த கற்களை மீண்டும் அடுக்கச் செய்தார். கல்லும் திருத்தப்படுகிறது, நடையும் திருத்தப்படுகிறது. திருத்தங்களின் அடுக்கைப் பிரித்தறிவதே வரலாற்றாய்வாளர் பணி.

பாதுகாப்பு முறைகளிலும் ஒப்பீடு பயன்தரும். ஹேட்ரியன் நடைவழியில் மே முதல் அக்டோபர் வரை மட்டுமே பயணிகளின் ஏட்டில் முத்திரை பதிக்கப்படுகிறது. ஈரம் ஊறிய குளிர்காலத்தில் காலடிகள் மண்ணுக்கடியிலுள்ள தொல்பொருள்களைச் சிதைக்கும் என்பதே காரணம். அங்கே நடையிலிருந்து சின்னத்தைக் காக்க வேண்டியுள்ளது. பெங்களூரிலோ சின்னத்தைக் காக்க நடையைக் காக்க வேண்டியுள்ளது. மரபுச் சின்னங்களுக்கான சட்டங்கள் கட்டடத்தையும் கல்லையும் பட்டியலிடப் பழகியவை. ஒரு கோவிலுக்கும் ஒரு குளத்துக்கும் இடைப்பட்ட வழியை, ஆண்டில் சில இரவுகள் மட்டும் உயிர்பெறும் ஒரு கோட்டை, எப்பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு அவற்றில் தெளிவான விடை இல்லை. அக்குளம் நாளை இன்னொரு கட்டுமானத்துக்குத் தடையாகக் கருதப்பட்டால், அதன் பரப்பளவைச் சொல்லி வாதிட முடியாது. அது மிகச் சிறியது. அக்குளத்திலிருந்து தொடங்கும் நடையின் வரலாற்றைச் சொல்லியே வாதிட முடியும்.

அவ்வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கரக நாள்களின் ஒவ்வொரு நடையையும் ஆண்டுவாரியாக நிலப்படத்தில் பதிதல், முதிய வீரகுமாரரின் நினைவில் உள்ள பழைய நிறுத்தங்களைத் தொகுத்தல், அவற்றைப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களோடு பொருத்துதல் ஆகியவை இளம் ஆய்வாளர்க்குக் காத்திருக்கும் பணிகள். வீரகுமாரர் அந்நடைக்குக் காவலர் மட்டுமல்லர்; வழிகாட்டிகளும் அவர்களே. எந்தத் தெருவில் திரும்புவது, எங்கே நிற்பது, எந்த நீரைத் தொட்டுத் தொடங்குவது என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். ஏட்டில் இல்லாத அவ்வறிவு, நடப்பவர் உள்ளவரை மட்டுமே நிலைக்கும்.