பூப்பாத்தியின் விளிம்பு சொல்லும் வரலாறு



பூப்பாத்தியைச் சுற்றிப் பதித்த செங்கல் வரிசையை வெறும் அலங்காரம் என்றே பலரும் எண்ணுவர். அவ்விளிம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது உழைப்பின் வரலாறு என்பது என் கருத்து.

பண்டைய உரோமாபுரியைச் சேர்ந்த இளைய பிளினி, தம் மாளிகைத் தோட்டத்தில் கத்தரித்து வளர்த்த பாக்ஸ் என்னும் குறுஞ்செடியைப் பற்றிக் கடிதமொன்றில் விரிவாக எழுதியுள்ளார். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனுக்காக, 1661 முதல் ஆந்த்ரே லெ நோத்ர் அமைத்த வெர்சாய் தோட்டத்திலும் அச்செடியே பாத்திகளுக்குக் கரையாயிற்று. செடியோ வளர்ந்துகொண்டே இருக்கும். அதனை ஓயாது கத்தரிக்க ஆட்கள் வேண்டும். எனவே, நேரான விளிம்பு பெருஞ்செல்வர்க்கே எளிதில் வாய்த்தது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்நிலை மாறியது. கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் பொறியைக் கண்ட எட்வின் பட்டிங், 1830இல் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். நடுத்தரக் குடும்பத்தாரும் புல்தரை வளர்க்கத் தலைப்பட்டனர். அப்புல் பாத்திக்குள் புகாமல் தடுக்கக் கரை தேவைப்பட்டது. 1784இல் செங்கல்மீது விதிக்கப்பட்ட வரியும் 1850இல் நீக்கப்பட்டது. அச்சில் வார்த்துச் சுட்ட விளிம்போடுகள், முறுக்கிய கயிறு போன்ற தலைப்புடன், சிறிய வீடுகளின் தோட்டங்களையும் அடைந்தன. ஓடு வளர்வதில்லை, பாத்தியின் உரத்தை உண்பதுமில்லை.

ஆயினும், பராமரிப்பு முற்றாக ஒழியவில்லை. எங்கள் பள்ளித் தோட்டமே இதற்குச் சான்று. கயிறு கட்டி, பாதிக்கல் ஆழத்திற்குப் பள்ளம் தோண்டி, மணல் பரப்பிச் செங்கற்களைச் சாய்வாகப் பதித்துள்ளோம். அடைமழை மண்ணை அரிக்க, கற்கள் சரிகின்றன. இடுக்குகளில் புல் வேர்விடுகிறது. மாணவர்கள் அவ்வப்போது புல்லைக் களைந்து, சரிந்த கற்களை நிமிர்த்துகின்றனர்.

சிமெண்டு பூசிவிட்டால் இந்தத் தொல்லை இராதே என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். எனினும், சிமெண்டுக் கரையும் நாளடைவில் விரிசல் காணும். விரிசல் கண்டால் கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும். சரிந்த செங்கல்லைப் பத்து வயதுப் பிள்ளையே தூக்கி நிறுத்தலாம். பாத்தியை விரிவாக்க விரும்பினால், அதே கற்களைத் தள்ளி வைக்கலாம். அரண்மனையில் கூலியாட்கள் காத்த கோட்டை இங்கே பிள்ளைகள் தம் கையால் காக்கின்றனர். அவ்வாய்ப்பைச் சிமெண்டு பூசி மூடிவிட எனக்கு மனமில்லை.

உங்கள் பள்ளியில் எவ்வகைக் கரை உள்ளது? சிந்திப்போம்.